சாமுராய்க் கவசத்தில் ஒரு பள்ளம்

துன், சுவிட்சர்லாந்து, 1986. இதை எங்கள் அகதி வீட்டுச் சமையலறைக் கதவில் ஒட்டுகிறேன். சோறு வடிக்க வருகிற எல்லாரும் வாசியுங்கள்.

இன்று ஹோட்டல் வரவேற்பறையில் நிற்கும் சாமுராய்க் கவசத்தைத் துடைக்கச் சொன்னார்கள். கறுத்த இரும்பு, மீசை வைத்த முகமூடி, உள்ளே ஆள் இல்லை.

நெஞ்சுத் தகட்டில் ஒரு பள்ளம், சுற்றிவரக் கறை. போகட்டும் என்று அழுத்தித் தேய்த்தேன். முதலாளியம்மா "நைன், நைன்!" என்று தடுக்க ஓடி வந்தார்.

அவர் ஜெர்மனில் கத்தியதை, கூட வேலை செய்யும் சிவா அண்ணை தமிழில் சொன்னார்: "அந்தக் காலத்திலை கவசத்தை விக்கிறதுக்கு முதல் துவக்காலை சுட்டுப் பாக்கிறவங்களாம். குண்டு உள்ளுக்கை போகேல்லை எண்டதுக்கு இந்தப் பள்ளம்தானாம் அத்தாட்சி."

பிறகு சிவா அண்ணை கவசத்தையே பார்த்துக்கொண்டு நின்றார். போன கிழமைதான் அவருடைய அகதி வழக்குக்கு நெகட்டிவ் என்று மறுப்புக் கடிதம் வந்தது.

"ஆமி சுட்டது, படேல்லை, ஓடித் தப்பினனான் எண்டு விசாரணையிலை சொன்னனான். அப்ப காயம் எங்கை, அத்தாட்சி எங்கை எண்டு கேட்டாங்களடா."

இரும்புக்குள் குண்டு போயிருக்கக்கூடாது. எங்களுக்குள் போயிருக்க வேண்டும்.

எனக்கு விசாரணை வியாழக்கிழமை. உடம்பில் காட்டக்கூடிய பள்ளம் உள்ளவர்கள் கீழே பெயரை எழுதுங்கள். ஒரு நாளைக்கு இரவல் வேண்டும்.