சும்மா கொழுத்த தொட்டி

என் சித்தி பாக்டீரியா மேய்க்கிறவள். மாடு மேய்த்தாலாவது சாயங்காலம் தலையை எண்ணிப் பார்க்கலாம். சித்தியின் எவர்சில்வர் தொட்டியில் ஒரு சொட்டுக்கே கோடிக்கணக்கில் இருக்கும். இன்சுலின் தயாரிக்கும் தொழிற்சாலையில் இரண்டு ஆண்டாக ஒப்பந்த வேலை. நிரந்தரமாக்கும் கடிதம் அடுத்த வாரம் கைக்கு வருவதாக இருந்தது.

பாக்டீரியாவுக்கும் இன்சுலினுக்கும், மொட்டைத் தலைக்கும் முழங்காலுக்கும் உள்ள உறவுதான். இன்சுலின் நம் உடம்புச் சரக்கு. அதைச் செய்யும் மரபுக் குறிப்பை ஒரு சின்ன டிஎன்ஏ வளையத்தில் ஏற்றி பாக்டீரியாவுக்குள் விட்டால், அது குறிப்பை நகலெடுக்கும். அந்த நகலை ரைபோசோம் என்கிற குட்டி இயந்திரம் மூன்று மூன்று எழுத்தாகப் படித்து, ஒவ்வொரு மூன்றுக்கும் ஓர் அமினோ அமிலத்தைக் கோத்துக்கொண்டே போகும். கோத்து முடித்தால் புரதம். யார் வீட்டுக் குறிப்பு என்று அது கேட்பதே இல்லை. ஒன்பதாம் வகுப்போடு படிப்புக்குக் கும்பிடு போட்ட எனக்கே புரிகிற மாதிரி, பாத்திரம் தேய்த்துக்கொண்டே சித்தி சொன்னது இது.

ஆனால் பாக்டீரியாவுக்கு அந்த வளையம் வீண் சுமை. தூக்கிப் போட்டுவிட்டால் இன்னும் வேகமாகப் பெருகலாம். அதனால் தொட்டியில் ஒரு கொல்லி மருந்தைக் கலப்பார்கள். அதைத் தாங்கும் வித்தையும் அதே வளையத்தில்தான் எழுதியிருக்கும். வளையத்தைக் கைவிட்டவன் செத்தான்.

அந்தச் செவ்வாய்க்கிழமை, மருந்து கலக்கும் நேரத்தில் சித்தியின் பிரிவில் தொலைபேசி அடித்தது. அடித்தது நான்தான். அவளுடைய மேலாளரின் குரலில், உங்களுக்கு நிரந்தர நாற்காலி போட்டாயிற்று, இனி உட்கார்ந்தே தூங்கலாம் என்றேன். சித்தி கண்டுபிடித்துவிட்டாள். வயிறு வலிக்கச் சிரித்தாள். சிரித்த கையோடு மருந்தை மறந்தாள்.

மறுநாள் காலை தொட்டி அரைத்த மாவு மாதிரி கெட்டியாகியிருந்தது. மேலாளருக்கு விசில் என்று பட்டப்பெயர். குக்கர் மாதிரி பத்து மணிக்கே ஆவி வந்து கத்த ஆரம்பித்துவிடுவார். அவரே சித்தியின் கைராசியைப் புகழ்ந்தாராம். மதியம், உற்பத்தியைத் தொடங்கவைக்கும் திரவத்தைச் சித்தி ஊற்றினாள். ஊற்றினால் பாக்டீரியாக்கள் பெருகுவதைக் குறைத்துக்கொண்டு வேலையில் இறங்கும். திரையில் வளர்ச்சிக் கோடு படுக்கும். இரண்டு மணி நேரம் பார்த்தாள். கோடு ஏறிக்கொண்டே இருந்தது. வேலை செய்கிறவன் இப்படிக் கொழுக்க மாட்டானே என்று மருந்து அலமாரியைத் திறந்தாள். புட்டியின் மூடி பிரிக்கப்படவே இல்லை.

புட்டியிலிருந்து கொஞ்சம் கொட்டிவிட்டுப் பேசாமல் இருந்திருக்கலாம். மூன்று நாள் கழித்து, இன்சுலினைப் பிரித்தெடுக்கும் சுத்திகரிப்புப் பிரிவில்தான் குட்டு உடையும். பழி அங்கே புதிதாகச் சேர்ந்த பெண்ணின் தலையில் விழும். சித்தி நேரே விசிலிடம் போனாள்.

"சார், தொட்டியக் கொட்டிடணும். மருந்து போட மறந்துட்டேன்."

"நல்லா வளந்திருக்கேம்மா."

"வளருது சார். வளர மட்டும்தான் செய்யுது."

"யாராவது குறுக்க வந்து பேசினாங்களா?"

"இல்ல சார். நான்தான் கவனிக்கல."

விசில் சத்தமே போடவில்லையாம். நீராவி விட்டு அத்தனையையும் கொன்று வடித்தார்கள். கடிதம் ஆறு மாதம் தள்ளிப்போனது.

இதையெல்லாம் சித்தி வீட்டில் சொன்னபோது நான் சோற்றுத் தட்டைத் தள்ளிவைத்தேன். நானே வந்து அவரிடம் சொல்லிவிடுகிறேன் என்றேன்.

"நீ சொன்னா, வேலை நேரத்துல போன எதுக்கு எடுத்தேன்னு அதுக்கும் சேத்துத் திட்டுவாரு. அந்தத் தொட்டி உன்ன மாதிரிதான்டா. தின்னுட்டு சும்மா கொழுத்துச்சு. சாப்பிடு."

வெள்ளிக்கிழமை புதுத் தொட்டி. விசில் பக்கத்தில் நின்று பட்டியலை வரி வரியாக வாசிக்க, சித்தி மருந்தை ஊற்றினாள். சனிக்கிழமை சாயங்காலம் செருப்பைக்கூடக் கழற்றாமல் வாசலிலிருந்தே சொன்னாள்:

"கோடு படுத்துடுச்சுடா. எல்லாம் வேலைக்குப் போயிடுச்சுங்க. அடுத்த தொட்டியும் எனக்குத்தானாம்."