என்னைக் கேட்காத மன்னிப்பு

கடல் விட்டு வைத்த என் தம்பியை மனிதன் விட்டு வைக்கவில்லை. சுனாமிக்குப் பிறகு சாய்ந்தமருதில் கூடாரங்களில் கிடந்தோம். தண்ணீர் பவுசர் வண்டி வரிசையில் பக்கத்துக் கூடாரக்காரனுக்கும் தம்பிக்கும் வாய்ச்சண்டை. சண்டை தீர்ந்து எல்லோரும் வாளியைத் தூக்கிக்கொண்டு நடந்த பிறகு, அவன் மீன் வெட்டும் கத்தியோடு திரும்பி வந்தான். தம்பி, அக்கா என் மடியிலேயே மௌத்தானான்.

யுத்தம் முடிந்து தெருவெல்லாம் வெடி கொளுத்திய வருடம்தான் கல்முனை நீதிமன்றத்தில் தீர்ப்பு வந்தது. மின்விசிறியை நிறுத்தி, விளக்கை அணைத்து, எல்லோரையும் எழுந்து நிற்கச் சொல்லி மரண தண்டனை என்று வாசித்தார்கள். ஒளிப்பானேன், என் வயிறு குளிர்ந்தது. வெளியே வந்த பிறகுதான் சொல்கிறார்கள், இந்த நாட்டில் யாரையும் தூக்கில் போடுவதில்லையாம், தீர்ப்பு மட்டும்தானாம். அடப் பாவிகளே, பின்னே எதற்கு அந்த விளக்கணைப்பு!

கொஞ்ச நாளில் ஒரு வெள்ளைக்காரப் பெண் வீட்டுக்கு வந்தாள். மொழிபெயர்க்கக் கூடவே கல்முனை ஆசிரியை ஒருத்தி.

"ஒலகம் முழுக்க மரண தண்டனைய ஒழிக்க இவங்க பாடுபடுறாங்க, ராத்தா. கொல்லப்பட்டவர்ட குடும்பமே வேணாமெண்டு சொன்னா அதுக்குப் பெரிய மதிப்பு. ஒரு கையெழுத்துப் போடுங்க."

ஊரார் வீட்டு நெய்யே, என் பெண்டாட்டி கையே என்ற கதைதான்! எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"இவட தம்பிய ஆரும் வெட்டினாங்களா? கேளுங்க டீச்சர்."

"இல்லையாம்."

"தலையிடியும் காய்ச்சலும் தனக்கு வந்தாத்தான் தெரியும். எங்கட மார்க்கத்தில உசிருக்கு உசிர் கேக்கவும் எனக்கு உரிம இரிக்கி, மன்னிக்கவும் உரிம இரிக்கி. ஆனா கேக்கணும். அவன்ட வீட்டில இருந்து ஒரு காக்கா குருவி இந்த வாசலுக்கு வந்திச்சா?"

"கேட்டா மன்னிப்பீங்களா எண்டு கேக்கிறாங்க."

"அத அவன் கேட்ட பொறகு சொல்றன்."

அவள் என் கையைப் பிடிக்க வந்தாள். இழுத்துக்கொண்டேன். தேநீர்கூடக் கொடுக்காமல் அனுப்பினேன், அதில் எனக்கு வெட்கமில்லை. அவன் கேட்டால் என்ன சொல்வேன் என்று எனக்கே தெரியாது. ஆனால் தம்பி போன பிறகு என் கையில் மிஞ்சியது அந்த ஒரு பதில்தான்.

தூக்கைப் பார்க்காமலே அவன் சிறையில் மாரடைப்பில் போனான். ஜனாஸாவை ஊருக்குக் கொண்டுவந்தார்கள். தொழுகைக்கு முன் அவனுடைய மூத்த சகோதரன் வழமைப்படி பள்ளிவாசலில் கேட்டது, ஒலிபெருக்கி வழியாக என் குசினி அடுப்படி வரை வந்தது.

"மௌத்தானவர் ஆருக்கும் அநியாயம் செஞ்சிருந்தா அல்லாஹ்வுக்காக மன்னிச்சிக்கொள்ளுங்க."

"மன்னிச்சிட்டம்" என்று ஆண்களின் குரல்கள் எழுந்தன. அங்கே பெண்கள் யாருமில்லை.

என் கணவர் பள்ளியிலிருந்து திரும்பி வந்து தொப்பியைக் கழற்றினார்.

"நானும் நம்மட சார்பில மன்னிச்சிட்டம் எண்டு சொல்லிட்டன்."

"ஆரக் கேட்டுச் சொன்னீங்க?"

"ஜனாஸாவ முன்னால வெச்சிக்கிட்டு வேற என்னத்தச் சொல்ற? ஊரே சொல்லிச்சி."

"செத்தது ஊருட தம்பியா, என்ட தம்பியா?" என்று கத்தினேன். "அந்த வெள்ளைக்காரியாவது வீடு தேடி வந்து என்னட்டக் கேட்டாளே!"