மாத்திரையா சங்கிலியா என்று அம்மனையே கேட்டேன்

என் நாத்தனார் செல்விக்கு மனசு பேதலித்து ஒன்பது வருஷம் ஆச்சு. நோய் அவளுக்கு, அவஸ்தை வீட்டுக்கே. முதல் மூணு வருஷம் எப்பவும் ஒருத்தர் காவல் இருக்கணும். நானும் வீட்டுக்காரரும் சேர்ந்து ஒரு கல்யாணத்துக்குப் போனதில்லை. கரும்பு வெட்டுக்குப் பாதி நாள் போக முடியாது. என் மகளைப் பெண் பார்க்க வந்தவர்கள், உள்ளறையில் பூட்டி வைத்திருந்த செல்வி கத்தியதும் எழுந்து போய்விட்டார்கள். அன்றைக்கு ஆத்திரத்தில் அவளை அடித்துவிட்டேன். அதையும் மறைக்காமல் சொல்கிறேன்.

கள்ளக்குறிச்சி டாக்டர் கொடுத்த மாத்திரையில் கொஞ்சம் தெளிந்து வந்தாள். ஆறு வருஷம் முன்னே எங்கள் ஊர் அம்மன் கோயில் ஆடித் திருவிழாவில் அவளுக்குக் காப்புக் கட்டினோம். காப்புக் கட்டின உடம்புக்கு மாத்திரை ஆகாது என்றார்கள். நானும் நம்பி நிறுத்தினேன். எட்டாம் நாள் தெருவில் சேலையைக் கிழித்துக்கொண்டு ஓடினாள்.

வீட்டுக்காரரின் அண்ணன் ஒரு முடிவோடு வந்தார்.

“மலை மேல ஒரு கோயிலு கீது. சங்கிலி போட்டு வுட்டா தானா தெளிஞ்சுடும். வெள்ளிமலை ஜீப்புக்குச் சொல்லிட்டேன்.”

என் வீட்டுக்காரர் தலையைக் குனிந்துகொண்டார். எனக்குக் கோபம் பொங்கியது. செல்வியைக் கையைப் பிடித்து எங்கள் ஊர் அம்மன் கோயிலுக்கு இழுத்துப் போனேன். ஊரே பார்க்கப் பூ உத்தரவு கேட்டேன். அம்மன் மேல் வைத்த பூ வலது பக்கம் விழுந்தால் மாத்திரை, இடது பக்கம் விழுந்தால் சங்கிலி.

“தாயே, எடது பக்கம் வுழுந்தாலும் நான் மாத்திரதான் குடுப்பேன். நீ எங்கூட நிக்கிறியா இல்லியா, அத மட்டும் சொல்லு.”

பூசாரி பதறிப் போனார். இப்படியா கேட்பார்கள் என்று பின்னால் முணுமுணுத்தார்கள். நான் நகரவில்லை. வெயில் ஏறியது. கால் கடுத்தது. பூ வலது பக்கம் விழுந்தது.

அப்போதுதான் அழுதேன். அங்கேயே, செல்வியின் காப்புக் கட்டின கையிலேயே மாத்திரையை வைத்து, கோயில் தீர்த்தத்தோடு விழுங்க வைத்தேன். ஜீப் காலியாகத் திரும்பியது.

செல்விக்குச் சுத்தமாகக் குணமாகிவிட்டதா என்று கேட்கிறார்கள். இல்லை. இன்றைக்கும் சில நாள் தனக்குத்தானே பேசுவாள், மாத்திரையைத் துப்புவாள். ஆனால் பொழுதோடு தூங்குகிறாள், என்னோடு கரும்புக் காட்டுக்கு வருகிறாள். மகளைப் பார்க்க வந்தவர்கள் முன்னால் அவளை நடுவீட்டில் உட்கார வைத்து, என் நாத்தனார், இப்படி இருக்கிறாள் என்றேன். இரண்டு வீட்டார் போய்விட்டார்கள். போகட்டும். மூன்றாவது வீட்டார் பரிசம் போட்டார்கள்.

உங்கள் வீட்டிலும் இப்படி ஒருத்தர் இருந்தால் முதலில் கதவைத் திறந்து விடுங்கள், மருந்தைக் கொடுங்கள். அப்புறம் வந்து அம்மனிடம் நில்லுங்கள். சண்டை போட்டே கேளுங்கள். நான் போட்டேன், அவள் கோபித்துக்கொள்ளவில்லை.