மூன்று பிளவுஸ் விலைக்கு ஒரு கட்டில்

புடாபெஸ்ட் விடுதி அறையில் அந்த ஜன்னலோரக் கட்டில் இப்போதும் என் கண்ணில் நிற்கிறது. வெள்ளை உறை போட்ட தலையணை. அதன் நடுவில், யாரோ இப்போதுதான் எழுந்து போனது போல, தலை அழுந்திய ஒரு குழி. அக்கா அதைத் தொடவில்லை. சூடு இருக்கிறதா என்று பார்ப்பவள் போல் குழிக்கு மேலே உள்ளங்கையை விரித்துப் பிடித்திருந்தாள். வெளியே நல்ல பகல் வெளிச்சம்.

அக்காவுக்கு மார்த்தாண்டத்தில் தையல்கடை. அத்தான் சரக்குக் கப்பலில் சமையல்காரராக இருந்தார். கன்னியாகுமரிக் கடற்கரையில் வெள்ளைக்காரர்கள் திரிவது போல, தானும் அக்காவும் முதுகில் பையை மாட்டிக்கொண்டு ஐரோப்பாவைச் சுற்ற வேண்டும் என்பது அவருடைய ஆசை. ஒரு நாள் விடிந்தபோது கப்பலில் அவர் இல்லை. கடலில் விழுந்திருக்கலாம் என்றார்கள். உடல் கிடைக்கவில்லை. போதகரும் மாமியார் வீட்டாரும் நினைவு ஆராதனை வைக்க வருடக்கணக்கில் சொல்லிச் சொல்லி ஓய்ந்துபோனார்கள். "ஆளக் காணல்லன்னுதான சொன்னானுவ? செத்தத ஆரு பாத்தா?" என்று அக்கா மறுத்துவிட்டாள்.

நான் ஜெர்மனியில் நர்ஸ். விடுமுறைக்கு அக்காவை வரவழைத்தபோது, அத்தான் சொன்ன மாதிரியே பையோடு போகலாம் என்றாள். பிராகா புடாபெஸ்டா என்று கணக்குப் பார்த்தோம். அக்கா எந்த விலையையும் பிளவுஸ் தையல் கூலியாக மாற்றித்தான் யோசிப்பாள். பிராகில் பொதுஅறைக் கட்டிலுக்கு ஆறு பிளவுஸ். பழைய ஊரின் நடுவே சூப்பும் ரொட்டியும் சாப்பிட்டால் இன்னும் இரண்டு. ஆனால் எல்லாம் நடக்கிற தூரம், டிராம் செலவு மிச்சம். புடாபெஸ்டில் ஊர் ஆற்றின் இரு கரையிலும் பரந்து கிடப்பதால் டிராம் இல்லாமல் முடியாது. வெந்நீர்க் குளங்களுக்கும் கட்டணம் அதிகம். ஆனாலும் சாப்பாடு மலிவு, கட்டில் பாதி விலை. "மூணு பிளவுஸுக்குக் கட்டில் தாறானுவன்னா அங்க என்னமோ கொறவு இருக்குடி," என்று அக்கா சிரித்தாள். முதலில் பிராக், பிறகு புடாபெஸ்ட் என்று முடிவானது.

பிராகில் ஒரு குறையும் இல்லை. அறை நிறையப் பிள்ளைகளின் சிரிப்பும் ஈரத் தலைமுடியின் ஷாம்பூ வாசமும். புடாபெஸ்டில் நடுமுற்றம் வைத்த பழைய கட்டடம். முற்றத்தைச் சுற்றி இரும்புக் கம்பி போட்ட நடைபாதைகள், அவற்றில் ஆள் நடமாட்டம் இல்லை. எங்கள் அறையில் நான்கு கட்டில்கள். ஜன்னலோரக் கட்டிலின் காலடியில் ஒரு முதுகுப்பையும் காலணிகளும் இருந்தன. கட்டில் கம்பியில் ஒரு துண்டு தொங்கியது, ஈரமாக. யாரோ வெளியே போயிருக்கிறார்கள் என்றுதான் நினைத்தோம். மறுநாளும் ஆளைக் காணவில்லை. துண்டின் ஈரம் மட்டும் உலரவில்லை. நான் தலையணையைத் தட்டிச் சமன் செய்து, அறையைப் பூட்டி, சாவியை என் பையில் போட்டுக்கொண்டேன். ஊர் சுற்றிவிட்டுத் திரும்பியபோது குழி மறுபடி விழுந்திருந்தது. அப்போதுதான் அக்கா கையை நீட்டிப் பார்த்தது.

கீழே வரவேற்பில் இருந்த பெண்மணியிடம் கேட்டேன். சில வருடங்களுக்கு முன் வெளிநாட்டுப் பையன் ஒருவன் ஆற்றோரம் நடந்துவிட்டு வருகிறேன் என்று போனவன் திரும்பவில்லையாம். அவன் பையை எடுக்க வேண்டாம் என்று சொல்லி, அந்தக் கட்டிலுக்கு இன்றுவரை அவனுடைய தாய் வாடகை அனுப்புகிறாளாம். அந்த அறையில் யாரும் தொடர்ந்து தங்குவதில்லை, அதனால்தான் இந்த விலை என்றாள். மற்றொரு சாவி அவளிடம்தான் இருந்தது. ஆனால் அன்று அவள் மேலே வரவேயில்லையாம். அப்படியானால் அங்கே படுப்பது யார் என்றேன். "எல்லாரும் அதைத்தான் கேட்கிறார்கள்," என்று சொல்லிவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டாள்.

உடனே வேறு விடுதி தேடலாம் என்று பையை எடுத்தேன். அக்கா அசையவில்லை.

"ஏட்டி, எனக்க வீட்டுலயும் அத்தானுக்க துவர்த்துத் துண்டு காயாது. வெயில் முழுக்கக் கொடியில கெடக்கும். அந்தியில தொட்டா ஈரமாத்தான் இருக்கும்."

"எப்பலேருந்து?"

"அவரு காணாமப் போனதுலேருந்து. ஆருகிட்டயும் சொல்லல்ல. ஆளு உயிரோட இருக்காருன்னு எனக்கு அது ஒரு சந்தோசம்."

அத்தனை வருடம் அந்த வீட்டில் தனியாக அவள் எதைத் தொட்டுப் பார்த்துக்கொண்டிருந்தாள் என்று நினைக்கவே பயமாக இருந்தது. அக்கா ஜன்னலோரக் கட்டிலின் விளிம்பில் உட்கார்ந்தாள். பக்கத்தில் ஆள் இருப்பது போலத் தணிந்த குரலில் பேசினாள். "மக்கா, ஒனக்க அம்மை விடாம புடிச்சிருக்கா. அதான் நீ போவ முடியாமக் கெடக்க. அவளுக்குத் தெரியாது. எனக்கும் இம்புட்டு நாளு தெரியாமப் போச்சு." பிறகு தலையணையைத் தட்டி நிமிர்த்தி வைத்தாள். குழி மறுபடி விழுகிறதா என்று பார்க்க எனக்குத் தைரியம் வரவில்லை. பொழுது சாய்வதற்குள் கிளம்பிவிட்டோம்.

ஊர் திரும்பியதும் அக்காவே போதகரிடம் போய் ஆராதனைக்கு நாள் கேட்டாள். நானும் விடுப்பு எடுத்துப் போனேன். கோயிலில் அவள் அழவில்லை. வீட்டுக்கு வந்து, எல்லாருக்கும் சாப்பாடு போட்டு அனுப்பிய பிறகு, அடுக்களைத் தரையில் உட்கார்ந்து வாய்விட்டு அழுதாள். அத்தான் போனதற்கு அவள் அழுது நான் பார்த்தது அன்றுதான்.

போன வாரம் கூப்பிட்டாள். லிஸ்பனா ஏதென்ஸா, எது மலிவு என்று பார்த்து வைக்கச் சொன்னாள். இரண்டு ஊர் விலையும் சொல்லி, ஏதென்ஸில் ஒரு இடம் மிகவும் மலிவாக இருக்கிறது என்றேன்.

அந்தப் பக்கம் ஓடிக்கொண்டிருந்த தையல் மெஷினை நிறுத்தினாள்.

"வெல கூடினாலும் சாரமில்லடி," என்றாள் அக்கா. "ஆளுவ இருக்கப்பட்ட எடமாப் பாரு."