பாப்பாவின் முதல் சாய்ஸ்

இன்று விம்கோ நகர் ஷேர் ஆட்டோவில் பக்கத்து வீட்டு அந்தோணி என்னைக் கட்டிப்பிடித்துவிட்டார். துறைமுகத்தில் வேலை பார்ப்பவர்.

"சார், பாப்பாவுக்கு மொத சாய்ஸே கெட்சிகிச்சி! எல்லாம் நீ போட்டுக்குடுத்த லிஸ்டு சார்!"

பொறியியல் கலந்தாய்வுக்கு அவர் மகள் எழுதி வந்த பட்டியலில் முதலிடத்தில் ஓர் அரசுக் கல்லூரி இருந்தது. "இதெல்லாம் கிடைக்காதும்மா" என்று நான்தான் அதை அடித்துவிட்டேன். வைத்திருந்தாலும் நஷ்டமில்லை என்று எனக்குத் தெரியும். ஆனால், அந்தக் காலத்தில் என்னைச் சேர்க்காத கல்லூரி அது.

கைபேசியில் பார்த்தேன். அவளுடைய இட ஒதுக்கீட்டுப் பிரிவிலேயே அவளைவிடக் கட்-ஆஃப் குறைந்தவர்களுக்கு, நான் அடித்த அந்தக் கல்லூரியில் அதே பாடம் கிடைத்திருக்கிறது.

"இன்னா சார், மூஞ்சி ஒரு மாரி கீது?"

"ஒண்ணுமில்ல, வெயிலு."

மாலையில் பாப்பா கேக்கோடு வருகிறாளாம். உண்மையைச் சொல்லிவிட்டுச் சாப்பிடுவதா, சாப்பிட்டுவிட்டுச் சொல்வதா? விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.