கேத்தரின் மிஸ்ஸின் பழைய ரேஸ் சைக்கிள்

கேத்தரினுக்கு வயது நாற்பத்து மூன்று. பெண்கள் பள்ளி ஒன்றில் இயற்பியல் ஆசிரியை. கே.கே. நகர் வீட்டு ஹாலில், சோபாவுக்குப் பின்னால், அவருடைய டைம் ட்ரையல் சைக்கிள் சாய்ந்து நிற்கும். கடிகாரத்தோடு தனி ஆளாகப் போட்டி போடுகிறவர்களுக்கான சைக்கிள் அது. ஹேண்டில்பாரில் முழங்கையை ஊன்றத் திண்டு, முன்னால் நீட்டிப் பிடிக்க இரண்டு கம்பி. பெங்களூரில் ஒருவர் ஓட்டி முடித்து விற்றதை வாங்கியிருந்தார். வண்டிக்குப் பன்னிரண்டு வயது.

ஆடி மாதம் முக்கொம்பில் நடக்கும் இருபது கிலோமீட்டர் போட்டியில் மூன்று வருடமாக அதில்தான் ஓட்டினார். ஒரு தடவைகூட முப்பத்தைந்து நிமிடத்துக்குக் கீழே இறங்க முடியவில்லை.

"புதுசே வாங்கிடேன்" என்றார் கணவர் ரெஜிஸ்.

கேத்தரினுக்கு மனசு வரவில்லை. சத்திரம் பேருந்து நிலையத்துக்குப் பக்கத்தில் சைக்கிள் கடை வைத்திருக்கும் ஹாலித்திடம் கொண்டுபோய்க் காட்டினார். அவர் சக்கரத்தைச் சுற்றிப் பார்த்தார், சட்டத்தை விரலால் தட்டிப் பார்த்தார்.

"ஃபிரேம் அருமையா இருக்கு மிஸ். காத்து சைக்கிள் மேல கொஞ்சம்தான் மோதுது. மீதியெல்லாம் உங்க மேலதான். உங்களை எப்படி உட்கார வைக்கிறதுன்னு பாப்போம்."

இருபது வருடமாகக் காற்றுத்தடைப் பாடம் நடத்துகிறவரிடம் இதைச் சொல்கிறார். கேத்தரினுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. ஆனால் ஹாலித் அடுத்துச் சொன்னதற்குச் சண்டைக்கே போனார்.

"டயரைக் கொஞ்சம் அகலமா மாத்திட்டு, காத்தைக் குறைச்சிடலாம்."

"குறைச்சா இழுக்குமே ஹாலித். கல்லு மாதிரி இருந்தாத்தானே ஓடும்?"

"வழவழன்னு ரோடு இருந்தா சரிங்க மிஸ். நம்ம ரோட்டுல வண்டி குதிக்குது. குதிக்கிறப்ப வேகமெல்லாம் மேல போயிடுது."

கேத்தரின் வாய்வார்த்தையை நம்புகிறவர் அல்ல. ஞாயிற்றுக்கிழமை விடிந்ததும் ஒரு மேம்பாலத்தின் உச்சியிலிருந்து மிதிக்காமல் உருண்டு இறங்கினார். வண்டி நின்ற இடத்தில் ரெஜிஸ் சாக்பீஸால் கோடு போட்டார். பழைய டயரில் ஐந்து தடவை, ஹாலித் கொடுத்த அகலமான புது டயரில் ஐந்து தடவை. புது டயரின் கோடுகள் எல்லாமே பத்துப் பன்னிரண்டு அடி தள்ளி விழுந்தன. நடைப்பயிற்சிக்கு வந்தவர்கள் நின்று வேடிக்கை பார்த்தார்கள். கேத்தரின் அங்கிருந்தே ஹாலித்துக்கு போன் போட்டுத் தோல்வியை ஒப்புக்கொண்டார்.

அடுத்தது முழங்கைத் திண்டு. இதில் அவசரப்பட்டவர் கேத்தரின்தான். எவ்வளவு குனிகிறோமோ அவ்வளவு வேகம் என்று நினைத்து, திண்டை அடிமட்டத்துக்கு இறக்கச் சொன்னார். கரூர் சாலையில் ஓட்டிப் பார்த்த அன்று கழுத்து பிடித்துக்கொண்டது. முன்னால் பார்ப்பதற்காகத் தலையைத் தூக்கித் தூக்கி, பழைய நேரத்தைவிட இருபது விநாடி பின்தங்கினார். இரண்டு நாள் பள்ளியில் முழு உடம்பையும் திருப்பித்தான் கரும்பலகையைப் பார்த்தார்.

ஹாலித் கோபித்துக்கொள்ளவில்லை. திண்டுகளை இரண்டு விரற்கடை உயர்த்தி, ஒன்றோடொன்று நெருக்கி வைத்தார். கம்பிகளின் நுனியைச் சற்று மேலே தூக்கினார். இப்போது கேத்தரினால் முகத்தைக் கைகளுக்குப் பின்னால் ஒளித்துக்கொண்டு, சுகமாக அரை மணி நேரம் இருக்க முடிந்தது. காற்று சிக்காதபடி பின்சக்கரத்தின் கம்பிகளை மூடி, ஹாலித் மெல்லிய பிளாஸ்டிக் தகடு ஒன்றையும் வெட்டிப் பொருத்தினார். வேகமெடுத்தால் அது உறுமியது.

"மாவு அரைக்கிற சத்தம் வருது" என்றார் ரெஜிஸ்.

போட்டி அன்று மேல்காற்று பலமாக இருந்தது. நிமிடத்துக்கு ஒருவராக அனுப்பினார்கள். முக்கொம்பிலிருந்து மேற்கே பத்து கிலோமீட்டர், முழுக்க எதிர்க்காற்று. மற்ற வருடங்களில் இந்த இடத்தில் அவர் மனம் சோர்ந்துவிடும். இந்தத் தடவை காற்று தோள்களை உரசிக்கொண்டு விலகிப் போவதை உணர்ந்தார். திரும்ப வேண்டிய பெட்டவாய்த்தலைக்கு முன்பே, தனக்கு ஒரு நிமிடம் முன்னால் கிளம்பியவரைத் தாண்டினார். திரும்பியதும் காற்று முதுகில் கைவைத்தது. பின்சக்கரம் உறும, வாழைத்தோப்புகள் ஓடி மறைந்தன. கேத்தரின் பாதிச் சாலை சிரித்துக்கொண்டே வந்தார்.

முப்பத்து மூன்று நிமிடம், நான்கு விநாடி. நேரம் குறித்தவரை இரண்டு தடவை வாசிக்கச் சொல்லிக் கேட்டார். போட்டி பார்க்க வந்திருந்த ஹாலித் ஓடிவந்து முதலில் டயரைத்தான் தொட்டுப் பார்த்தார்.

பெண்களில் முதலாவதாக வந்த யாழினிக்கு வயது இருபத்து நான்கு. கேத்தரினைவிட இரண்டு நிமிடம் வேகம். அவள் தன் புத்தம்புது வண்டியை மரத்தில் சாய்த்துவிட்டு வந்து, இந்தச் சைக்கிளைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தாள்.

"மேடம், இந்தத் தகடு யார் பண்ணிக் கொடுத்தா? எனக்கும் ஒண்ணு வேணுமே."

கேத்தரின் ஹாலித்தைக் கைகாட்டினார். ரெஜிஸ் கார் டிக்கியைத் திறந்து, "சைக்கிளைக் குடு, ஏத்திடலாம்" என்றார்.

"நீங்க முன்னால போங்க. நான் ஓட்டியே வரேன்" என்றார் கேத்தரின்.