பூனைக்கடிக்கு லீவா

மலேசியாவின் சுங்கை வே மின்னணுத் தொழிற்சாலையில் சந்திரகலாவின் விரல்களுக்குத் தனி மதிப்பு. மைக்ராஸ்கோப்பில் கண்ணை வைத்து, முடியைவிட மெல்லிய தங்கக் கம்பியைச் சிப்பில் ஒட்டுவதில் அந்த வரிசையின் நாற்பது பெண்களில் அவளுக்கு ஈடு கிடையாது. கிள்ளானிலிருந்து விடியுமுன் கம்பெனி பஸ் ஏறுவாள். ஏழு வருடத்தில் அவள் லீவு எடுத்தது அப்பா இறந்தபோது மட்டும்தான்.

1984-இல் ஒரு திங்கட்கிழமை, கேண்டீனுக்குப் பின்னால் பெட்டிகளுக்கிடையே சிக்கிக் கத்திய பூனையை விடுவிக்கப் போனாள். அது அவளுடைய வலது ஆள்காட்டி விரலைக் கடித்துவிட்டது. இரண்டு சிறு புள்ளிகள், ரத்தம்கூட அதிகமில்லை. மறுநாள் காலை விரல் வீங்கிச் சிவந்து, நீட்ட முடியாமல் மடங்கி நின்றது.

ஆஸ்பத்திரிக்குப் போக சூப்பர்வைசர் விஜயன் கையெழுத்துப் போட வேண்டும்.

"பூனை கடிச்சதுக்கெல்லாம் லீவா? டார்கெட் இருக்கு லா. பனடோல் மாத்திரை போட்டுட்டு உட்காரு."

"விரலை நீட்டவே முடியல அண்ணே."

"அப்போ இடது கையால பாரு."

பக்கத்திலிருந்தவர்கள் சிரித்தார்கள். வேலை போய்விடுமோ என்ற பயத்தில் அவள் உட்கார்ந்தாள்.

புதன்கிழமை காய்ச்சலில் உடம்பு தூக்கிப்போட்டது. சிவப்புக் கோடு ஒன்று முழங்கைவரை ஏறியிருந்தது. தம்பி மோட்டார்சைக்கிளில் வைத்து அரசாங்க ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனான்.

"பூனைப் பல்லு ஊசி மாதிரிம்மா," என்றார் டாக்டர். "வெளிய சின்ன ஓட்டைதான். கிருமி ஆழத்துக்குப் போயிடும். உடனே வந்திருந்தா கழுவி மருந்து கொடுத்திருப்போம்."

இரண்டு முறை கீறிச் சீழைக் கழுவினார்கள். மூன்றாம் முறை விரலையே எடுத்துவிட்டார்கள்.

ஒரு மாதம் கழித்து வேலைக்குத் திரும்பியவளைப் பேக்கிங் பிரிவுக்குத் தள்ளினார்கள்.

"பூனைகிட்ட உன்னை யார் போகச் சொன்னது?" என்றான் விஜயன்.

அவள் நேரே மேனேஜர் அறைக்குள் நுழைந்து, கட்டைப் பிரித்துக் கையை மேசைமேல் வைத்தாள். அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டு, ஆக்சிடென்ட், வருந்துகிறேன் என்றார்.

தமிழ் அறியாத அவரிடம், தனக்குத் தெரிந்த மலாய் மொழியில் அவள் நிறுத்தி நிறுத்திச் சொன்னாள்: "பூனை கடிச்சது ஆக்சிடென்ட். விரல் போனது உங்க ஆள் செஞ்சது. இதுக்கு ஒரு வழி சொல்லாம நான் இங்கேருந்து போகமாட்டேன்."

அன்று சிரித்த பெண்கள் இப்போது வேலையைப் போட்டுவிட்டு அந்த அறை வாசலில் வந்து நின்றார்கள். ஆஸ்பத்திரிக்குப் போகச் சூப்பர்வைசர் கையெழுத்து இனித் தேவையில்லை என்று அந்த வாரமே நோட்டீஸ் ஒட்டப்பட்டது. விஜயனை அதே பதவியில் வேறு பிரிவுக்கு மாற்றியதோடு சரி. இது என்ன நியாயம் என்று அவள் கடைசிவரை கேட்டுக்கொண்டுதான் இருந்தாள்.

அடுத்த தீபாவளிக்கு விஜயன் ஒரு தட்டில் முறுக்கு கொண்டுவந்து, "மனசுல வெச்சுக்காதே," என்றான்.

"எடுத்துட்டுப் போங்க," என்றாள், அவன் கண்ணைப் பார்த்தே.